சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படி

சவரி, என் மகனே,

எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்று கன்னியாஸ்திரி அம்மாமார் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நலம்தான். ஆனால் என் உடம்பைப் பற்றி நான் எதை எழுதினாலும் இனி நீ நம்பப்போவதில்லை, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். நலமில்லாதது உன் கால். பட்டாளத்திலிருந்து லீவில் வந்து காலைப் பூசைக்கு நின்ற உன் கூட்டாளி இஞ்ஞாசி சொன்னான். அவனைத் திட்டாதே. அவனாக வாய் திறக்கவில்லை, நான்தான் கோவில் வாசலில் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடா, என் புள்ள எப்பிடிக் கீறான்?" என்றேன். "நல்லாத்தான் கீறான் சின்னம்மா" என்று சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்தான். "நல்லாக் கீறவன் ஏன்டா உங்கூட வரல? லீவு உனக்கு மட்டுந்தானா?" என்று கேட்டதும் உளறிவிட்டான். "மொழங்காலுக்குக் கீழ முன்பக்கத்து எலும்பு வலிக்குதாம் சின்னம்மா. காத்தால ஓடும்போது பல்லக் கடிச்சிக்கினு ஓடுறான். படுத்தப்புறமும் காலப் பிடிச்சிக்கினு முனகுறான். ஓடவுடுற சார்ஜன் கேட்டா ஒண்ணுமில்லன்றான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிக்கினான்." அவனை வீட்டுக்கு இழுத்து வந்து மீன் குழம்பும் சோறும் போட்டு உட்காரவைத்திருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் புதுச்சேரிக்குப் புறப்படுகிறான். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும், அதனால் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலில் ஒன்று செய். மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் சப்பாத்தைக் கழற்று. காலில் சுற்றியிருக்கிற பட்டைத் துணியையும் அவிழ். அவிழ்த்துவிட்டாயா? பொய் சொல்லாதே, உன்னைப் பெற்றவள் நான். வேலை முடிந்து மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெறுங்காலோடு கடற்கரையில் உட்கார்ந்து கதை பேசும்போது, நீ மட்டும் சப்பாத்தைக் கழற்றுவதில்லையாம். கேட்டால் கால் பழகட்டும் என்கிறாயாம். வலிக்கிற இடத்தில் துணியை இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டி இறுக்கிக் கட்டுகிறாயாம். இறுக்கினால் எலும்புக்குத் தெம்பு வரும் என்று யாரடா உனக்குச் சொன்னது? பிறந்ததிலிருந்து சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலாகத் திரிந்த கால் அது. உன்னைக் கரும்புத் தோட்டத்துக்குள் துரத்திப் பிடிக்க எனக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட காலைத் திடீரென்று ஒருநாள் தோலுக்குள் பூட்டி, அடியில் ஆணி அடித்து, கப்பிச் சாலையில் விடிந்தும் விடியாமலும் ஓடவிட்டால் அது என்ன செய்யும்? நோகத்தான் நோகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கும் இதே இடத்தில்தான் நொந்தது.

அதை உனக்கு நான் சொன்னதே இல்லை, நீ பிறப்பதற்கு முன் நடந்தது. உன் அப்பா தபால் பை தூக்கி ஓடியது உனக்குத் தெரியும், சலங்கைக் கோலின் சத்தமும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அவர் அந்த வேலையில் சேர்ந்த புதிதில் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி மழைக்காலம்கூட வரவில்லை. அதுவரை கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவருக்கு வில்லியனூரிலிருந்து பாகூர்ப் பக்கம் பை கொண்டுபோகிற வேலை கிடைத்தது. நாள் முழுக்க வெட்டி, சுமந்து, நடந்த உடம்பு. ஓடுவது ஒரு பெரிய காரியமா என்று அலட்சியமாகப் போனார். முதல் வாரம் தெருவே பார்க்கும்படி ஓடினார். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டே இருந்தார். "இன்னாங்க இது, எங்கனா இடிச்சிக்கினீங்களா?" என்று கேட்டேன். "இடிக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. குளிர்ச்சி எறங்கிக்கீது, அவ்ளோதான். சூடா ஒத்தடம் குடுடி, சரியாப் போயிடும்" என்றார். நானும் புதுப்பெண்டாட்டி, புருஷன் சொல்வதே வேதவாக்கு. உப்பையும் மணலையும் வறுத்துத் துணியில் முடிந்து, புறப்படுகிற நேரத்தில் ஒத்தடம் கொடுத்து, என் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டி அனுப்பினேன். சூட்டில் கொஞ்ச நேரம் வலி தெரியாது, அந்த தைரியத்தில் இன்னும் வேகமாக ஓடுவார். திரும்பி வரும்போது கால் வீங்கியிருக்கும். மறுநாள் இன்னும் சூடாக ஒத்தடம் கொடுப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காலைக் கெடுத்தோம்.

நின்றால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. அந்த வேலைக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஓட ஓடத்தான் சரியாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெட்டப்பாக்கம் பக்கம் பை தூக்கிய இன்னொருவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு ஓடினார், நல்ல மனுஷன், நம் வீட்டில் வந்து சாப்பிட்டவர். ஒருநாள் நட்டநடுச் சாலையில் எதிலும் இடிக்காமல், எங்கும் விழாமல், அவர் கால் எலும்பு தானாக முறிந்துபோனது. எழுந்திருக்க முடியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பாரவண்டி ஒன்றில் போட்டு வீடு சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் தடி இல்லாமல் நடந்ததை நான் பார்க்கவில்லை. உன் அப்பா அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆண்பிள்ளைகளுக்குப் பயம் வந்தாலும் புத்தி வருவதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் காலைக் காப்பாற்றியது வைத்தியரும் இல்லை, நானும் இல்லை, மழை. அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து சாலை அறுத்துக்கொண்டது. பை போகவில்லை, அவரும் போகவில்லை. கூரை ஒழுகுகிற வீட்டுக்குள் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டே இருந்தார். பொழுது போகாமல் குழம்பில் உப்பு இல்லை, காரம் இல்லை என்று என்னையும் சேர்த்துத் திட்டினார். வறுக்க உலர்ந்த மணலும் இல்லை, எரிக்க உலர்ந்த விறகும் இல்லை, அதனால் ஒத்தடமும் நின்றது. கால் நொந்தால் வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவார். தண்ணீர் வடிகிறதற்குள் வலி வடிந்துவிட்டது. ஒருநாள் நான் அவர் எலும்பை நெடுக அழுத்திப் பார்த்தேன், அவர் முகம் சுளிக்கவில்லை. "கையெடுடி, கூசுது" என்று சிரித்தார். சாலை திறந்தபோது கப்பியெல்லாம் கலைந்து கிடந்ததால் ஓரத்து ஈர மண்ணில்தான் போக முடிந்தது. முதலில் நடந்தார். பிறகு ஒரு பனையிலிருந்து அடுத்த பனை வரைக்கும் ஓடி, அதற்கடுத்த பனை வரைக்கும் நடந்தார். வழுக்கும் என்பதால் எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்தார். அப்படிப் போனால் நோகவில்லை என்று அவருக்கே ஆச்சரியம். சாலையைச் சரிபண்ணின பிறகும் கடைசிவரை ஓரத்து மண்ணில்தான் ஓடினார். காய்ச்சல் வந்து படுக்கையில் விழுகிற வரைக்கும் அவர் கால் அவருக்குத் துரோகம் செய்யவில்லை.

ஆகவே மகனே, ஓட்டத்தை நிறுத்து. கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் பேரம் பேசாதே, நிறுத்து. நாளைக் காலையிலேயே சார்ஜனிடம் போய்க் கால் நோகிறது என்று சொல், அவர் பார்க்கச் சொல்கிற டாக்டரிடம் காட்டு. காட்டுவதற்கு முன்னால் நீயே விரலால் எலும்பை மேலிருந்து கீழே அழுத்திப் பார். நெடுக நொந்தால் ஓய்வில் ஆறிவிடும். ஒரே ஒரு இடத்தில், விரல் நுனி அளவு இடத்தில் உயிர் போகிறாற்போல் வலித்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல். படுத்த பிறகும் வலிக்கிறது என்று இஞ்ஞாசி சொன்னானே, அதையும் சொல். சூட்டு ஒத்தடத்துக்கு ஆசைப்படாதே. குளிர்ந்த தண்ணீரில் காலை வை, தலையணையில் உயர்த்திப் போட்டுக்கொண்டு படு. நடக்கும்போது நோகாமல் இருக்கிற நாள் வந்த பிறகு ஓட்டத்தைப் பற்றி யோசி. அப்போதும் எடுத்த எடுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து ஓடாதே. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நட. ஓரத்தில் மண் இருந்தால் மண்ணில் ஓடு. அலை நனைத்துவிட்டுப் போன மணல் கெட்டியாக இருக்குமே, அங்கே விடுவார்களா என்று கேள். அடியைக் குறுக்கி வை. மறுநாள் நொந்தால் மறுபடி நட.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உன் உதடு கோணுவது எனக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் பரீட்சை ஓட்டம், அதில் தேறினவர்களைத்தான் சண்டைக்குக் கப்பலில் ஏற்றுகிறார்கள், இந்த நேரம் பார்த்து ஓட்டத்தை நிறுத்து என்று அம்மா எழுதுகிறாளே என்று நினைப்பாய். இது வைத்தியம் இல்லை, தந்திரம் என்று நினைப்பாய். நீ நினைப்பதில் தப்பே இல்லை. போன மாதம் எனக்கு உயிர் போகிறது என்று உன் அக்கா புருஷனிடம் சொல்லியனுப்பினேன். நீ அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தபோது நான் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். நீ வாசலில் நின்று என்னையும் உலக்கையையும் மாறி மாறிப் பார்த்தாய். "ஏம்மா இப்பிடிப் பண்ற?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றோடு என் வார்த்தைக்கு உன்னிடம் மதிப்புப் போனது. இன்றைக்கு நான் உண்மையைச் சொல்ல வரும்போது அந்தப் பொய் குறுக்கே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. அப்படி நீ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நீ பெஞ்சில் உட்கார்ந்தாய். நம் ஊர்க் கோவிலில் சப்பாத்தும் கோட்டும் போட்டவர்களுக்குப் பெஞ்சு, மற்றவர்களுக்குத் தரைப் பாய். நீ சின்னவனாக இருந்தபோது ஒரு மாதா திருநாளில் தெரியாமல் பெஞ்சு ஓரத்தில் குந்திவிட்டாய். கோவில்பிள்ளை உன் காதைப் பிடித்து, "எந்திர்றா, வெறுங்காலோட இங்க இன்னாடா வேல?" என்று கீழே தள்ளினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நீ அழவில்லை. "சப்பாத்து போட்டா குந்த வுடுவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போகிறேன் என்று வந்து நின்ற அன்றுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. போன மாதம் அதே பெஞ்சில் நீ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்ததைப் பாயிலிருந்து பார்த்தேன். கோவில்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் முழந்தாளிட்டு எழுந்தபோது நீ முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாய். கால் நோகிறவர் எழுந்திருப்பதை ஒரு பருவம் முழுக்கப் பார்த்தவள் நான். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பிப் போனாய், அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையான காரணம் அது இல்லை. இந்தக் கால் ஓடாது, ஓடாவிட்டால் கப்பல் இல்லை, என் பிள்ளை வீட்டோடு வந்துவிடுவான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஜெபமாலையை உருட்டும்போது வேறு எதையோ கேட்பதுபோல் அதைத்தான் கேட்டேன். சண்டை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? பிரான்சில் நடந்த முந்தைய சண்டைக்கு என் அண்ணன், உன் மாமா, இதே புதுச்சேரியில்தான் கப்பல் ஏறினார். ஏறும்போது எங்களுக்குப் பாரீசு படம் வாங்கி வருவதாகச் சொன்னார். கொஞ்ச காலம் கழித்துச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவை உட்காரச் சொன்னார். சாமியார் வீடு தேடி வந்து நம்மை உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எங்கே புதைத்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நீ நொண்டியதைப் பார்த்து உன் தாய் சந்தோஷப்பட்டாள். என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஆனால் இன்றைக்கு இஞ்ஞாசி, படுத்த பிறகும் நீ முனகுகிறாய் என்று சொன்னானே, அதற்குப் பிறகு அந்தச் சந்தோஷம் எனக்கு நிலைக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தவரின் இடத்தில் உன்னைத்தான் பார்க்கிறேன். உடைந்த காலோடு நீ என்னிடம் வந்து சேர்ந்தால் நான் உன்னைச் சண்டையிலிருந்து காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? நீ வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு வருகிற ஒவ்வொரு தரமும் எனக்குத் தெரியுமே, வாயைத் திறந்திருந்தால் இந்தக் கால் பிழைத்திருக்கும் என்று. உன்னை என்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது, அது போகாது. அதற்கு உன் எலும்பை விலையாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இஞ்ஞாசியிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கால் சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களாம். இந்தக் கூட்டத்தோடு ஓட முடியாதவன் ஆறின பிறகு அடுத்த கூட்டத்தோடு ஓடலாமாம். போன தடவை ஒருவன் அப்படித்தான் தேறினானாம். நீயும் கேட்டுப் பார், நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். உன்னோடு சேர்ந்தவர்கள் முன்னால் போவார்கள், நீ பின்னால் போவாய், அவ்வளவுதான். கேலி செய்வார்கள், செய்யட்டும். நீ கோவிலில் காதைப் பிடித்து இழுக்கப்பட்டவன், இந்தக் கேலி உன்னை ஒன்றும் செய்யாது. நொண்டிக்கொண்டே ஓடிப் பாதியில் விழுந்தால்தான் ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள். உனக்கு அந்தக் கப்பல் வேண்டும் என்றால் அதற்கும் இப்போது நிற்பதுதான் வழி. பார்த்தாயா, உன்னைக் கப்பலேற்ற நானே வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைவிட என் வார்த்தைக்கு வேறு என்ன சாட்சி வைப்பேன்?

நீ புறப்பட்டுப் போன அன்று நான் உன் நெற்றியில் சிலுவை வரையவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றாய், நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நம் தெருவில் எந்தத் தாயும் பிள்ளையை அப்படி அனுப்பியதில்லை. வரைந்தால் போகச் சொன்னதாகிவிடும், வரையாவிட்டால் நீ போக மாட்டாய் என்று என்னவோ ஒரு பைத்தியக்காரக் கணக்கு. நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்த சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

இஞ்ஞாசி சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிட்டான். இப்போதுதான் கூப்பிட்டு அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தேன். "இன்னா சின்னம்மா, கப்பல் ஏறப் போறாப்ல எனக்குப் போடுற?" என்று கூச்சப்பட்டுச் சிரித்தான். "உனக்கு இல்லடா. என் புள்ளைக்கு. கொண்டும்போய் அவன் நெத்தியில போடு" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான். அவன் உன் முன்னால் வந்து நிற்கும்போது வெட்கப்படாமல் தலையைக் குனி. அம்மா போகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொள், ஏனென்றால் சொல்லிவிட்டேன். காலை ஆறவிடு. எவ்வளவு நாள் ஆனாலும் ஆறட்டும். பிறகு அந்தக் கப்பலில் ஏறுகிறபோது, சவரி, நொண்டாமல் ஏறு.

உன் அம்மா